தவிட்டுக்கு விற்ற பிள்ளை

ஆதிரைக்கு மூன்று வயது முடிந்த கையோடு அவளுடைய பூவில் ஓர் இதழ் மூடிக்கொண்டது.

பூ என்றால் செடியில் பூக்கிற பூ இல்லை. பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே குழந்தையின் கையில் மாட்டி அனுப்புகிறார்களே, அந்தக் காப்பில் ஒளிர்கிற பூ. காப்பு மெத்தென்று வெளிர்நீலமாக இருக்கும். குழந்தை வளர வளர அதுவும் இளகிக்கொடுக்கும். ஆறு வயதுவரை கழற்ற முடியாது. குழந்தை தூங்குவது, ஓடுவது, அழுவது, சிரிப்பது, வீட்டார் அதனிடம் பேசுவது என்று சகலத்தையும் கேட்டுக்கொண்டே இருக்கும். குழந்தை நன்றாக வளர்கிறது என்று அதற்குப் பட்டால் ஐந்து இதழும் விரிந்திருக்கும். நல்ல குழந்தைப்பருவம் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை என்று சட்டம் வந்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை. சட்டத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவும் வாய் வராது. குடித்துவிட்டு வந்து பச்சைப் பிள்ளையைச் சுவரில் மோதியவன், காலில் சூடு போட்டவள் என்று எத்தனையோ பேர் அந்தக் காப்பினால் கையும் களவுமாக மாட்டியிருக்கிறார்கள்.

செல்வநாயகி அந்த ரகம் இல்லை. திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தாள். பனியன் தைப்பதெல்லாம் எந்திரமே பார்த்துக்கொள்கிற காலம் வந்துவிட்டாலும், தைத்து வந்த துணியில் பிசிறு வெட்டுவதற்கு மனித விரல்தான் இன்னும் தோதாக இருந்தது. மூட்டை மூட்டையாக வீட்டுக்கே வரும். கணவன் சிவானந்தத்துக்குச் சாயப்பட்டறையில் வேலை. முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது, பெயர் வைக்கிறவரைகூடத் தங்கவில்லை. தங்கியவள் ஆதிரை ஒருத்திதான். அதனாலேயே அந்தப் பெயரை ஆஸ்பத்திரியில் சொன்னதோடு சரி. வீட்டில் அவள் குப்பு. குப்பையில் கிடந்தது, யாருக்கும் வேண்டாதது என்று சொல்லி வைத்தால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக வருகிறதே ஒன்று, அது ஏமாந்து திரும்பிப் போய்விடும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு.

அந்த லைன் வீடுகளில் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு முறை இருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையை எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டாடலாம். என்ன அழகு, என்ன அறிவு என்று வாயாரச் சொல்லலாம். சொல்லாமல் போனால்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தன் பிள்ளையை மட்டும் சொல்லக் கூடாது. பாராட்டுவது மற்றவர்கள் வேலை. பொழுது சாய்ந்ததும் உப்பையும் மிளகாயையும் எடுத்துச் சுற்றிப் போட்டு அந்தக் கண்ணைக் கழிப்பது பெற்றவள் வேலை. பெற்றவளே பாராட்ட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கழிப்பதற்கு ஆள் ஏது?

இந்த வீட்டுக்குத்தான் மலர்ச்சி ஆலோசகர் பர்வீன் வந்தாள். காப்புகளைக் கண்காணிக்கிற அரசுத் துறையிலிருந்து, இதழ் மூடிய வீடுகளுக்கு அனுப்பப்படுகிறவள். முப்பது வயதிருக்கும். களைத்த முகம், கனத்த கைப்பை. வாசலில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த ஆதிரையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குழந்தை நல்லாத்தான இருக்கா," என்றாள்.

"எங்கீங்க நல்லா இருக்குது? ஒரு வாய் திங்கறதில்லீங்க. சவலையாட்டம் கெடக்குது. பேச்சும் ஒண்ணும் வெளங்கறதில்ல," என்றாள் நாயகி, கத்திரியை நிறுத்தாமல்.

சவலை மூன்றாவது தோசையை முடித்துவிட்டு, "அத்தே, உங்க பையில என்ன இருக்குது? எனக்குங்களா?" என்று தெளிவாகக் கேட்டது.

பர்வீன் சிரிக்கவில்லை. காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாயகி பேசப் பேச அதில் இரண்டாவது இதழ் லேசாக நடுங்கியது. அவள் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, நாயகியின் கையிலிருந்த கத்திரியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"இப்ப சொன்னீங்களே, இதுதான் பிரச்சினை. காப்பு இதையெல்லாம் அப்படியே எடுத்துக்குது. சாப்பாடு இல்லை, பேச்சு வரலைன்னு பெத்த அம்மாவே சொல்றாங்கன்னு."

"அது சும்மா சொல்றதுங்க. பொறத்தியாருகிட்ட அப்புடித்தான சொல்லோணும்?"

"எனக்குத் தெரியும். எங்க அம்மா என்னை மூதேவின்னுதான் எழுப்புவாங்க. மதரஸாவுல முதல் பரிசு வாங்கிட்டு வந்தாலும், 'இதுக்கெல்லாம் குறைச்சல் இல்லை'ன்னுதான் சொல்லுவாங்க. ஆனா காப்புக்குத் தெரியாதே. குப்பைன்னு கூப்பிடுறீங்க. யாரு உன்னைக் கட்டிக்குவான்னு கேக்கறீங்க. தவிட்டுக்கு வாங்கினோம்னு சொல்லியிருக்கீங்க. உன்னைப் பெத்தவ வேறன்னு குழந்தைகிட்ட சொல்ற மாதிரி பதிவாகியிருக்கு."

"அது கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்குமுங்க. இன்னொருக்கா சொல்லுன்னு கேக்குமுங்க. அது பதியலீங்களா?"

"பதிஞ்சிருக்கு." பர்வீன் காப்பைக் காட்டினாள். "இழிவாப் பேசும்போது ஒரு குழந்தை சிரிச்சா, அதுக்கு அது பழகிப்போச்சுன்னு காப்பு எடுத்துக்கும். அழுதிருந்தாக்கூட இதழ் இவ்வளவு சுருங்கியிருக்காது."

நாயகி மறுபடி கத்திரியைக் கையில் எடுத்தாள். பர்வீன் மேலும் சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் கூடிப் பிசிறு வெட்டிக்கொண்டே பேசுகிற பேச்சுக்கு நடுவில் ஆதிரை உட்கார்ந்திருப்பது கணக்கில் வராது. அவளைப் பார்த்து, அவளிடம் பேசினால்தான் பேச்சு, மற்றதெல்லாம் இரைச்சல். பெரியவர்களைப் பார்த்து அவளும் ஒரு பனியனை மடியில் போட்டுக்கொண்டு நூல் இழுக்கிறாளே, அது விளையாட்டில் சேராது. வேலை வாங்குவது என்று பதிவாகும்.

"இதையெல்லாம் யாரு வீட்டப் பாத்துட்டு முடிவு பண்ணுனாங்க?" என்று கேட்டாள் நாயகி.

"வேற வேற நாட்டுல, பெரிய நகரங்கள்ல. நல்லா வளர்ந்த பிள்ளைங்க வீட்டுல என்னென்ன பேசுறாங்கன்னு லட்சக்கணக்கான வீட்டைக் கேட்டுக் கத்துக்கிட்டது அது."

"அந்த வீட்டுலயெல்லாம் பெத்தவங்களே பிள்ளையப் பாத்து, நீ அழகு, நீ கெட்டிக்காரின்னு சொல்லுவாங்களா?"

"நாள் முழுக்கச் சொல்லுவாங்க."

"அவிங்களுக்குப் பயமா இருக்காதுங்களா?"

பர்வீன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது, "மூணு இதழ் மூடிட்டா குழந்தையைத் துறை நடத்துற இல்லத்துக்குக் கொண்டுபோயிடுவாங்க. நான் நினைச்சாலும் நிறுத்த முடியாது. தயவுசெஞ்சு பாராட்டுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க," என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலமே பாடம் ஆரம்பமாயிற்று. சொல்ல வேண்டிய வாக்கியங்கள் போனுக்கு வந்திருந்தன. சிவானந்தம் குளித்துவிட்டு வந்து, பிள்ளைக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, "ஆதிரை! நீ படம் வரைய எடுத்துக்கொண்ட முயற்சி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது!" என்றான். பல்லடம் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அறிவிக்கிறவன் குரல் அது. பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஆதிரை என்று யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டது.

நாயகி இன்னும் மோசம். ஆதிரையின் கன்னத்தைத் தொட்டு, "நீ ரொம்ப அழகா இருக்கற சாமி," என்று ஆரம்பித்தவுடனே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வயிற்றிலேயே போனதும், ஒரு துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு போனதும் கண்முன் வந்து நின்றன. இந்த வீட்டில் ஓர் அழகான பிள்ளை இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்று தானே வாசலில் நின்று கூவுகிற மாதிரி இருந்தது. குரல் உடைந்து, பாதி வாக்கியம் காற்றாய்ப் போயிற்று.

ஆதிரையின் முகம் மாறிவிட்டது. "அம்மா, எனக்குக் காச்சலா?" என்று கேட்டாள்.

நாயகி அப்படிக் குழைந்து பேசுவது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கண் சொருகிக் கிடந்தபோது மட்டும்தான். ஆதிரை போய்ப் பாயை விரித்துத் தானே படுத்துக்கொண்டாள். காப்பு அவளுடைய நாடியைக் கேட்டது. தாயின் குரலைக் கேட்டது. பாராட்டில் உண்மை இல்லை, குழந்தை அஞ்சுகிறது என்று முடிவு செய்தது. இரண்டாவது இதழ் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் எப்படிப் பேசுவதென்றே தெரியாமல் போய்விட்டது. திட்டவும் பயம், கொஞ்சவும் பயம். பக்கத்து வீட்டுப் பெண்கள் பிசிறு மூட்டையைத் தங்கள் தங்கள் வீட்டிலேயே பிரித்துக்கொண்டார்கள். தாங்கள் பேசுகிற எது இந்தப் பிள்ளை தலையில் விடியுமோ என்று ஒதுங்கினார்கள். ஆதிரையின் கையிலிருந்த பனியன் பிடுங்கப்பட்டது. துறை அனுப்பிய மரப் பொம்மைகளை வரிசையாக அடுக்கிவிட்டு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னைத் தவிட்டுக்கு வாங்குன கதையச் சொல்லும்மா" என்று ஒருநாள் கேட்டாள். நாயகி அவள் வாயைப் பொத்தினாள். அது வேறு பதிவாயிற்று.

மூன்றாவது இதழ் ஓரத்தில் சுருங்கத் தொடங்கியபோது நாயகி அடுத்த வீட்டு மரகதத்திடம் போய் அழுதாள். மரகதம் நாற்பதைத் தாண்டியவள். மூன்று பிள்ளைகளும் கல்லைப்போல் தங்கியவள். மூத்தவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அவளுக்கு இந்தக் காப்பு வருவதற்கு முன்னாலேயே பிள்ளை வளர்த்து முடிந்துவிட்டது.

"நானு அன்னிக்கே சொன்னனில்ல, அம்மிணி? பொறந்தவொடனே வித்து வாங்கியிருக்கோணும். ஆஸ்பத்திரி, ஊசின்னு அதைய உட்டுப்போட்டீங்க. குப்புன்னு பேரு வெச்சாப் பத்துமா? இத்தன நாளுங் கழிச்சுத் தேடிட்டு வந்துருச்சு பாரு," என்றாள் மரகதம்.

"இப்பப் பண்ணுனாப் பலிக்குமாக்கா?"

"என்ற தம்பியவே அஞ்சு வயசுலதான் வித்தாங்க. தவிடன்னே பேரு. இன்னைக்கு அவனெப் போயிப் பாரு, லாரி ஓட்டிட்டுத் திரியறான்."

முறை எளிது. பிள்ளையைத் தங்கிய பிள்ளைகள் உள்ளவளிடம் விற்க வேண்டும். விலை ஒரு கை தவிடு. அதற்குமேல் பெறாத பிள்ளை என்று, தூக்கிக்கொண்டு போக வருகிறதற்குத் தெரிய வேண்டும். விற்ற பிள்ளை வாங்கியவள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் பெற்றவள் போய் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதோடு அது வேறொருத்தி பிள்ளை. தேடி வருகிறதற்கு விலாசம் தப்பிப்போகும்.

இந்த ஊரில் பிள்ளைக்கு ஆபத்து என்றால் செய்கிற காரியத்தைத்தான் நாயகி செய்தாள். காப்பு கேட்குமே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. மரகதம் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை எடுத்து ஆதிரையின் மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஆனால் சொல்ல வேண்டியதை வாய்க்குள் முனகினால் பலிக்காது. எது கேட்க வேண்டுமோ அதன் காதில் விழ வேண்டும். மத்தியான வெயிலில், இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டு நாயகி உரக்கச் சொன்னாள்.

"இந்தப் பிள்ளை எனக்கு வேண்டாம். இது என்ற பிள்ளை இல்லை. ஒரு கை தவிட்டுக்கு வித்துட்டேன். எடுத்துட்டுப் போ!"

"வாங்கிட்டேன்!" என்றாள் மரகதம், அதைவிட உரக்க. தவிட்டை நாயகியின் கையில் கொட்டிவிட்டு ஆதிரையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஆதிரைக்கு ஒரே குதூகலம். எத்தனையோ முறை கேட்ட கதை இப்போது கண்ணெதிரில் நடக்கிறது. "என்னை வித்துட்டாங்க! தவிட்டுக்கு வித்துட்டாங்க!" என்று மரகதத்தின் இடுப்பிலிருந்து கைதட்டினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வாசலில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாயகி தவிட்டைப் பத்திரமாக ஒரு பால் டப்பாவில் போட்டு மூடினாள். மரகதம் வீட்டில் பருப்புச் சாதமும் முட்டையும் வைத்தார்கள். பிள்ளை இரண்டாம் முறை வாங்கித் தின்றது என்று மரகதம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். நாயகிக்கு வயிறு நிறைந்தது.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நாயகி முகம் கழுவி, பொட்டு வைத்து, டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வெள்ளை வண்டி நின்றுகொண்டிருந்தது.

வந்தவர்கள் யாரும் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளவில்லை. குழந்தையின் எதிரில் குரலை உயர்த்தக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. ஒரு பெண் மண்டியிட்டு ஆதிரையிடம் ஊஞ்சலைப் பற்றிப் பேசினாள். பர்வீன் மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவளுக்கும் அப்போதுதான் செய்தி போயிருந்தது.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? வித்துட்டேன்னு சொல்லியிருக்கீங்க. பொருள் கைமாறியிருக்கு. குழந்தை கைமாறியிருக்கு. காப்பு மேல துணி வேற சுத்தியிருக்கீங்க. தெரிஞ்சே மறைச்சீங்கன்னு ஆயிடுச்சு. இது இதழ் மூடுற விஷயம் இல்லை, கடத்தல்!"

"இன்னும் வெளக்கு வெக்கலீங்களே," என்றாள் நாயகி. டப்பாவைத் திறந்து எல்லோரிடமும் காட்டினாள். "பாதிதானுங்க ஆயிருக்குது. நானு திருப்பி வாங்கோணும். ஒரு நிமிசம் இருங்க, வாங்கிக்கறேன். மரகதக்கா, இந்தாக்கா, புடி!"

மரகதம் கை நீட்டினாள். ஆனால் பிள்ளை அப்போது மரகதத்தின் இடுப்பில் இல்லை. கையில் பிள்ளை இல்லாதவளிடம் தவிட்டைக் கொடுத்து என்ன பயன்? கதவு சாத்துகிறவரை ஆதிரை அழவே இல்லை. வண்டிக் கண்ணாடி வழியாக அவள் தாயின் கையிலிருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு போனாள். சிவானந்தம் சாயக் கையோடு ஓடி வந்தபோது தெருவில் புழுதிதான் இருந்தது.

விசாரணை துறை அதிகாரிகள் மூன்று பேர் முன்னால் நடந்தது. காப்பு பதிந்ததைப் போட்டுக் காட்டினார்கள். அறை முழுக்க நாயகியின் குரல், 'இது என்ற பிள்ளை இல்லை' என்று முழங்கியது.

"இது உங்கள் குரல்தானே?"

"ஆமாங்க."

"பதிலுக்குப் பொருள் வாங்கினீர்களா?"

"தவிடுங்க. ஒரு கை."

"இது உண்மையான விற்பனை இல்லை என்கிறீர்கள். பொய்யாகச் செய்தது என்றால், யாரை ஏமாற்றுவதற்காக?"

பர்வீன் கண்ணால் ஜாடை காட்டினாள். வழக்கம், சடங்கு என்று ஏதாவது சொல்லச் சொல்லி முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நாயகிக்கு அதெல்லாம் மறந்துவிட்டது. அன்று மத்தியானம் வாசலில் நின்று தான் கத்தியது யார் காதில் விழுவதற்காக என்று யோசித்தாள். பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்தது யார்?

"உங்களைத்தானுங்க," என்றாள்.

அதற்குமேல் விசாரிக்க எதுவும் இருக்கவில்லை. மனிதர் யாரும் தலையிட்டுக் காப்பின் தீர்ப்பை மாற்ற வழி கிடையாது. மனிதர் தலையிட்டால் ஆளுக்கொரு நியாயம் வரும் என்றுதான் காப்பையே கொண்டுவந்தார்கள். பெற்றோர் மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

இல்லத்தைப் பற்றி நாயகி எதிர்பார்த்த மாதிரி எதுவும் இல்லை. இருட்டு அறை, பிரம்பு என்று மனதுக்குள் கட்டி வைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் புல்வெளி, மணல்மேடு, ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு பாட்டுப் பெட்டி. பிள்ளைகள் கொழுகொழுவென்று இருந்தார்கள். இது பொல்லாத இடமாக இருந்திருந்தால் அவளுக்கு ஆத்திரப்படவாவது ஒன்று கிடைத்திருக்கும்.

முதல் தடவை ஆதிரை ஓடி வந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் கேட்டாள்: "தவிடு கொண்டாந்தியாம்மா?"

நாயகி கொண்டுவரவில்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வித்தா, திருப்பி வாங்கோணுமில்ல? மரகதம் அத்தே சொன்னாங்க. வெளக்கு வெச்சாச்சும்மா. தெனமும் வெக்கறாங்க," என்றாள் ஆதிரை.

அடுத்த மாதம் டப்பாவோடு போனாள். கால்நடைத் தீவனம் உள்ளே அனுமதி இல்லை என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கெஞ்சினாள். திரும்பிப் போகும்போது கொடுத்துவிட்டார்கள், ஒழுங்காக, மூடி இறுக்கி. அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் ஆதிரை அவளுடைய இரண்டு கைகளையும் விரித்துப் பார்ப்பாள். பிறகு ஒரு கையை மட்டும் பார்த்தாள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டாள். மூடியிருந்த இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிய ஆரம்பித்தன. நான்காவது இதழ் விரிந்த மாதம் பர்வீன் நாயகியின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: குழந்தை நன்றாகத் தேறி வருவதால், இந்தச் சூழலை மாற்றுவது நல்லதல்ல என்று காப்பு கருதுகிறது.

சிவானந்தம் வருவதை நிறுத்திவிட்டான். பிள்ளை தன்னை நீங்கள் என்று கூப்பிட்ட அன்றைக்கு வந்ததே கடைசி. இல்லத்தில் காப்பே பிள்ளைகளோடு பேசியது. அச்சடித்த மாதிரி திருத்தமான தமிழ். பிள்ளைகளுக்கும் அந்தத் தமிழே வந்துவிட்டது.

இரண்டு மழைக்காலம் போனபிறகு ஒருநாள், இல்லத்து வாசலில் பர்வீன் நாயகிக்காகக் காத்திருந்தாள். ஊழியர்களின் பையை யாரும் சோதிப்பதில்லை.

"அந்த டப்பாவைக் குடுங்க," என்றாள். தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வேலைக்கு வந்ததிலிருந்து அவள் மீறிய முதல் விதி அதுதான். உள்ளே, வேப்பமரத்தடி மேசையில், எடுத்து நாயகியிடம் கொடுத்துவிட்டு விலகி நின்றாள்.

ஆதிரை வந்தாள். வளர்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டி, மஞ்சள் கவுன் போட்டு, நெற்றியில் ஒன்றுமில்லாமல். "வணக்கம் அம்மா. நீங்கள் வந்தது எனக்கு மகிழ்ச்சி," என்று சொல்லி எதிரில் உட்கார்ந்தாள்.

நாயகி மேசையோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து, தவிட்டை உள்ளங்கையில் கொட்டி, மேசைக்கு மேலே நீட்டினாள். கொஞ்சம் புழுத்திருந்தது. அன்றைக்கு மரகதம் கொடுத்த அதே தவிடு.

"இந்தா சாமி. கொண்டாந்துட்டேன். திருப்பி வாங்கிக்கறேன் உன்னைய."

ஆதிரை அவள் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள்.

"இது என்ன?"

நாயகி வாயைத் திறப்பதற்குள் காப்பு முந்திக்கொண்டது. "நல்ல கேள்வி, ஆதிரை! இதன் பெயர் தவிடு. அரிசியைத் தீட்டும்போது கிடைப்பது. மாடுகளுக்கு உணவாகக் கொடுப்பார்கள்."

"ஓ," என்றாள் ஆதிரை. அவள் யோசிப்பது தெரிந்தது. நாயகி அந்தக் கண்களையே பார்த்தாள். இந்தா வருகிறது, இந்தா ஞாபகம் வந்துவிடும் என்று பார்த்தாள்.

"ஆனால் இங்கே மாடு இல்லையே," என்றாள் ஆதிரை வருத்தத்தோடு. "நீங்கள் தூரத்திலிருந்து கொண்டு வந்திருக்கிறீர்கள். வீணாகக் கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போங்கள்."

எடுத்த சிட்டிகையை நாயகியின் உள்ளங்கையிலேயே திரும்பப் போட்டாள். மேசையில் சிந்தியிருந்ததையும் விரலால் கூட்டி எடுத்து அதோடு சேர்த்தாள். பிறகு தன் இரண்டு சின்னக் கைகளாலும் நாயகியின் விரல்களை மடக்கி மூடிவிட்டாள். தவிடு முழுவதும் நாயகியின் கையில் இருந்தது. விற்ற அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு இதமான மனசு. யார் பெற்ற பிள்ளையோ என்று கொண்டாடத் தோன்றுகிற பிள்ளை.

"நீ ரொம்ப அழகா இருக்கற," என்றாள் நாயகி. "எவ்வளவு நல்லாப் பேசற! உன்னையாட்டம் கெட்டிக்காரப் பிள்ளைய நானு பாத்ததே இல்ல, ஆதிரை."

குரல் நடுங்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆதிரை பல் தெரியச் சிரித்து, "நன்றி," என்றாள். காப்பில் ஐந்தாவது இதழ் மெல்ல விரிந்தது.

வெளிவாசல்வரை பர்வீன் கூடவே வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. நாயகி தவிட்டைத் திரும்பப் போட்டு மூடிய டப்பாவை, இனித் தனக்கு வேண்டாம் என்று அவளிடமே கொடுத்தாள்.

"பொழுதோட உங்காளுங்க யாரையாச்சும் அந்தப் பிள்ளைக்கு உப்பு மொளகா சுத்திப் போடச் சொல்றீங்களா? நல்லா இருக்குது பிள்ளை. கண்ணு பட்டிருக்கும்."

"யாரு கண்ணுங்க?"

"இப்ப ஒருத்தி வந்து அதைய அழகு, கெட்டிக்காரின்னு சொல்லீட்டுப் போறாளே," என்றாள் நாயகி. "அவ கண்ணுதானுங்க."